முதுகெலும்பும் ரண வைத்தியரும்

வெண்ணிப் பறந்தலையில் கரிகால் சோழனோடு பொருத சேரமான், தன் முதுகில் புண் பட்டுவிட்டதே என்று நாணி, வடக்கிருந்து உயிர் துறந்தான் என்று சங்க நூல்களால் அறிகிறோம். முதுகிலே புண் என்றால் தமிழனுக்கு அவ்வளவு மானக்கேடு. இன்று வேலும் போயிற்று, வாளும் போயிற்று. ஆனால் முதுகில் இரும்பு படக்கூடாது என்ற பிடிவாதம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. குடல்வால் வீங்கினால் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கிறோம். கண்ணில் புரை வளர்ந்தால் எடுத்துவிடச் சொல்லுகிறோம். இருதயத்தையே திறந்து தைத்துக்கொண்டு வந்து, மறு மாதம் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர்களைப் பார்க்கிறோம். முதுகெலும்பு என்றதுமோ, வீட்டிலுள்ள பாட்டி முதல் பக்கத்து வீட்டுப் பென்ஷன்காரர் வரையில் எல்லோரும் ஒரே குரலில், "முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும்!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

இது ஒரு கட்சி. இதற்கு நேர் எதிரான கட்சி ஒன்றும் சமீப காலத்தில் தோன்றியிருக்கிறது. இடுப்பு வலி வந்த மூன்றாம் நாள் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, அதைப் பெரிய உறையில் போட்டுக் கொண்டு, "ஜவ்வு விலகிவிட்டதாம், எப்போது ஆபரேஷன்?" என்று கேட்டுக்கொண்டே வைத்தியர் வீட்டு வாசலில் நிற்பவர்களின் கட்சி அது. பயப்படும் கட்சி, அவசரக் கட்சி ஆகிய இரண்டுக்கும் நடுவில் நின்று நியாயம் வழங்க வேண்டியவர் முதுகெலும்பு ரண வைத்தியர். அவருடைய வேலை கத்தியைப் பிடிப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். அந்த வேலையில் பாதிக்கு மேல் கத்தியை எப்போது எடுக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதிலேயே அடங்கியிருக்கிறது. இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துக் காட்டியதில் நமது சென்னைப் பட்டணத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அதையே இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

*

முதலில் அந்த எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஒன்றாய் இறுகிப் போனவை 5, வாலின் மிச்சமாக 4, ஆக 33 முள்ளெலும்புகளின் வரிசை அது. மேலே அசையக்கூடிய எலும்புகளுக்கு இடையில் ஜவ்வு என்று நாம் சொல்லும் 23 வட்டுக்கள் மெத்தை போல் அமைந்திருக்கின்றன. எலும்புகளின் பின்புறத்தில் ஒரு குழாய். அந்தக் குழாய்க்குள்ளே, சுண்டு விரல் பருமனில், மூளையிலிருந்து இறங்கி வருகிறது தண்டுவடம். நம் கை அசைவதும், கால் நடப்பதும், சிறுநீர் அடங்கி நிற்பதும் அதன் தயவினால். இடுப்பின் மேற்பகுதியோடு தண்டுவடம் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால் மயிர் போலத் தொங்குகின்றன. "கால் போய்விடும்" என்ற பயம் காரணமில்லாத பயம் அல்ல. ஆனால் அது எந்த இடத்தில் எவ்வளவு பொருந்தும் என்பதைத்தான் படித்தவர் அறிவார். மிக அதிகமாக நடக்கும் ஜவ்வு ஆபரேஷன், தண்டுவடம் முடிந்து போன கீழிடுப்பில்தான் நடக்கிறது.

படிப்பு என்றால் எவ்வளவு படிப்பு? நம் நாட்டில் வைத்தியக் கல்லூரியில் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருஷம். பிறகு எலும்பு சிகிச்சையில் மேற்படிப்பு மூன்று வருஷம். இல்லாவிட்டால், பொது ரண சிகிச்சையில் தேர்ந்து, அதன் மேல் நரம்பு ரண சிகிச்சையில் மூன்று வருஷம். இந்த இரண்டு வழிகளிலும் வந்தவர்கள் முதுகெலும்பில் கூடுகிறார்கள்; எலும்பு ஒருவருடைய ராஜ்யம், அதற்குள்ளிருக்கும் நரம்பு மற்றொருவருடைய ராஜ்யம் என்று எல்லை பிரிக்க முடியாத இடம் அது. இதற்கும் மேல் முதுகெலும்புக்கென்றே ஒன்றிரண்டு வருஷம், கைதேர்ந்த ஒரு நிபுணரின் பக்கத்தில் நின்று பழக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன் பேரன் எடுக்கப் போகும் சமயத்தில் இவர் தனியாகக் கத்தி எடுக்கிறார் என்று சொன்னால் சிறிதுதான் மிகையாகும்.

இத்தனை வருஷத்தில் கை மட்டுமா பழகுகிறது? முக்கியமாகக் கண்ணும் காதும் பழகுகின்றன. நோயாளி கதவைத் திறந்து உள்ளே வரும் நடையைப் பார்ப்பது, குதிகாலில் நிற்கச் சொல்வது, நுனிக்காலில் நடக்கச் சொல்வது, மல்லாந்து படுக்கவைத்துக் காலை நீட்டியபடியே மெல்லத் தூக்கிப் பார்ப்பது, சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டுவது, ஊசி முனையால் தோலைத் தொட்டு, "இங்கே தெரிகிறதா? அங்கே தெரிகிறதா?" என்று கேட்பது ஆகிய இவையெல்லாம் காசு செலவில்லாத பரீட்சைகள். எந்த நரம்பு, எந்தப் படியில் நசுங்குகிறது என்பதை இவற்றிலிருந்தே நல்ல வைத்தியர் ஊகித்துவிடுகிறார். படம் பிறகு வருகிறது. அந்த ஊகத்துக்குச் சாட்சி சொல்ல வருகிறது. சாட்சியையே நீதிபதியாக்கிவிட்டால் என்ன நேரும் என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

ஆபரேஷன் மேஜையிலும் அதே ஜாக்கிரதைதான். முள்ளெலும்புகள் ஒன்றைப் போலவே ஒன்று இருப்பவை. ஆகையால் கத்தி வைக்குமுன் அங்கேயே எக்ஸ்ரே பிடித்து, இதுதான் நாம் தேடி வந்த எலும்பு என்று எண்ணிப் பார்த்துக்கொள்கிறார்கள். கோணிய முதுகை நிமிர்த்தும் பெரிய ஆபரேஷன்களில் தண்டுவடம் இழுபட்டுவிடக் கூடும். அதைக் கண்டுபிடிக்க 1973-ம் வருஷத்தில் பிரெஞ்சு வைத்தியர்கள் ஒரு வழியைப் பிரசுரம் செய்தார்கள். முதுகு திறந்திருக்கும்போதே மயக்கத்தைச் சற்றுத் தெளியவிட்டு, நோயாளியின் காதருகில், "கால் விரலை அசையுங்கள்" என்று சொல்லுவது! விரல் அசைந்ததும் மறுபடி மயக்கம் கொடுத்து வேலையை முடிப்பார்கள். அசையாவிட்டால் நிமிர்த்தியதை உடனே தளர்த்துவார்கள். மேஜையைச் சுற்றி நின்றவர்களுக்கு அந்த விரல் அசைகிற வரையில் மூச்சு வந்திராது. இக்காலத்தில் மின்சாரக் கருவிகள் நரம்பின் செய்தியைக் கணத்துக்குக் கணம் எழுதிக் காட்டுகின்றன. கருவி சந்தேகம் கிளப்பும்போது பழைய முறையும் கைகொடுக்கிறது.

*

இனி, படத்தின் கதை. ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் இடுப்பிலிருந்து கால் வரை மின்னலாய் இழுக்கும் வலி உண்டாகிறது என்பதை அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்ற இரு வைத்தியர்கள் 1934-ல் நிலைநாட்டினார்கள். அது முதல் உலகமெங்கும் ஜவ்வை எடுக்கும் ஆபரேஷன் பரவிற்று. வலியால் துடித்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆகையால், ஜவ்வு எங்கே பிதுங்கியிருந்தாலும் எடுத்துவிட வேண்டியதுதான் என்ற எண்ணமும் கூடவே பரவிற்று.

பின்பு எம்.ஆர்.ஐ. வந்தது. 1990-ல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. முதுகு வலியே அறியாத 67 பேரைப் பிடித்து இடுப்பைப் படம் எடுத்தார்கள். அறுபது வயதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. அறுபதுக்கு மேற்பட்டவர்களிலோ நூற்றுக்கு 57 பேருக்குப் படத்தில் ஏதோ ஒரு கோளாறு! அவர்களோ, தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சௌக்கியமாக நடமாடிக் கொண்டிருந்தவர்கள். தலை நரைப்பதைப் போல ஜவ்வும் நரைக்கிறது என்று வைத்துக் கொள்ளலாம். நரைத்த தலையைப் படம் பிடித்து வைத்தியரிடம் கொண்டு போகிறவர் நம்மில் யாரும் இல்லை.

பிதுங்கிய ஜவ்வு உண்மையிலேயே வலியைக் கொடுக்கும்போதுகூட அவசரம் வேண்டியதில்லை என்பதற்கு வேறொரு சாட்சி உண்டு. நார்வே தேசத்தில் வெபர் என்ற வைத்தியர், ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று சந்தேகத்துக்கு இடமிருந்த 126 நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு ஆபரேஷன். மற்றொன்றுக்கு ஓய்வும் பயிற்சியும் மருந்தும். 1983-ல் பத்து வருஷக் கணக்கை வெளியிட்டார். முதல் வருஷ முடிவில் ஆபரேஷன் ஆனவர்கள் மேல். நாலாம் வருஷத்தில் அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது. பத்தாம் வருஷத்தில் வித்தியாசமே இல்லை. சீக்கிரம் வலி தீர வேண்டுமானால் கத்தி உதவும். பொறுத்தவர்களில் பெரும்பாலோருக்குக் காலமே வைத்தியர். இதை நோயாளியிடம் ஒளிக்காமல் சொல்லி, "உங்கள் தொழில் என்ன? எத்தனை நாள் பொறுக்க முடியும்?" என்று கேட்டு, அவரோடு சேர்ந்து முடிவு செய்கிறவரே நல்ல ரண வைத்தியர்.

ஆனால் பொறுக்கவே கூடாத சமயமும் உண்டு. இதை ஒவ்வொரு குடும்பமும் மனப்பாடம் செய்து வைத்துக் கொள்ள வேண்டும். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், தானாகப் போனாலும், மலம் அடக்க முடியாவிட்டாலும், உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப் போனாலும், கால் பலம் நாளுக்கு நாள் குறைந்தாலும் குதிரை வால் நரம்புகள் நசுங்குகின்றன என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது. அப்போது தைலம் தேய்த்துக் கொண்டிருக்கக் கூடாது. நல்ல நாள் பார்க்கவும் கூடாது. மணிக் கணக்கு முக்கியம். வலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தாலும், முன்பு புற்று நோய் கண்டவருக்கு முதுகு வலி வந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

*

காய்ச்சலும் மெலிவும் என்றதும் நம் தேசத்தின் பழைய சத்துருவான க்ஷயரோகம் நினைவுக்கு வருகிறது. அது நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்பிலும் குடியேறுகிறது. எலும்பின் முன்பக்கத்தை அரித்துத் தின்கிறது. முன்பக்கம் இடிந்த சுவர் போல எலும்பு முன்னே சாய, முதுகில் கூன் விழுகிறது. சிலருக்குக் கால் விளங்காமல் போகிறது. லண்டனில் பெர்ஸிவல் பாட் என்ற ரண வைத்தியர் 1779-ல் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது. மருந்து இல்லாத காலத்தில் நோயாளியை மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் மாவுக் கட்டில் படுக்கப் போட்டார்கள். 1911-ல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பீ என்ற இருவரும் எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஆபரேஷனைத் தனித்தனியே தொடங்கினார்கள். 1950-களில் ஹாங்காங்கில் ஹாட்ஜ்ஸன் என்பவர் மார்பின் வழியாகவும் வயிற்றின் வழியாகவும் முன்புறமாகச் சென்று, அரிபட்ட எலும்பை அடியோடு நீக்கி, புது எலும்பு வைத்தார். அற்புதமான ஆபரேஷன், அற்புதமான பலன். எல்லோருக்கும் அதையே செய்தால் என்ன என்று உலகம் கேட்டது.

செய்வதற்கு மேஜை எங்கே, மயக்க மருந்து வைத்தியர் எங்கே, பணம் எங்கே என்று ஏழை நாடுகள் திருப்பிக் கேட்டன. இதற்குள் க்ஷயத்துக்குச் சரியான மருந்துகளும் வந்துவிட்டன. மருந்து மட்டுமே போதுமா? சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், நுரையீரல் க்ஷயத்துக்கு வீட்டில் இருந்தே மருந்து சாப்பிடுவது சானடோரியத்தில் படுத்திருப்பதற்குக் குறைந்ததல்ல என்று 1959-லேயே காட்டி உலகத்தை வியக்கச் செய்த இடம். அதே நிலையம் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் சேர்ந்து முதுகெலும்பையும் எடுத்துக்கொண்டது. 304 நோயாளிகளைச் சீட்டுப் போட்டு மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பெரிய ஆபரேஷனும் ஆறு மாத மருந்தும். இரண்டாவதற்கு நடமாடிக்கொண்டே ஆறு மாத மருந்து மட்டும். மூன்றாவதற்கு அவ்வாறே ஒன்பது மாதம். பத்து வருஷம் விடாமல் கவனித்து 1999-ல் கணக்குத் தீர்த்தார்கள். நல்ல நிலையில் இருந்தவர்கள் ஆபரேஷன் பிரிவில் நூற்றுக்கு 90, ஆறு மாத மருந்துப் பிரிவில் 94, ஒன்பது மாத மருந்துப் பிரிவில் 99.

ரண வைத்தியர்களே முன்னின்று, ரண சிகிச்சை பலருக்குத் தேவையில்லை என்று நிரூபித்த இந்தச் செயலுக்கு ஈடாகச் சொல்லத் தக்கவை உலகத்தில் அதிகம் இல்லை. தம் கடைச் சரக்கைத் தாமே, "உங்களுக்கு வேண்டாம், ஐயா" என்று சொல்லும் வியாபாரியை நாம் எங்கே கண்டோம்?

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. அந்தப் பொதுவான வெற்றிக்குள்ளே ஒரு சிறு கூட்டம் தவறிப் போவதையும் அதே கணக்கு காட்டிற்று. பதினைந்து வயதுக்குக் குறைந்த, தொடக்கத்திலேயே 30 டிகிரிக்கு மேல் கூன் விழுந்திருந்த குழந்தைகள் அவர்கள். மருந்தால் நோய் தீர்ந்தது, கூன் தீரவில்லை, வளர்ந்தது. ஏன்? குழந்தையின் எலும்பு வளரும் எலும்பு. முன்பக்கம் அழிந்து போயிற்று; பின்பக்கமோ வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போகிறது. முன்னே வளர்ச்சி நின்று பின்னே வளர்ந்தால் முதுகு வளையாமல் என்ன செய்யும்?

யாருக்கு எவ்வளவு கூன் விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஜோசியர் வேலை போலத் தோன்றும் இதைச் சென்னையில் டாக்டர் டி. கே. சண்முகசுந்தரமும் அவருடன் உழைத்த இளைஞர் டாக்டர் எஸ். ராஜசேகரனும் கணித முறையில் செய்து காட்டினார்கள். பின்னாளில் கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியில் முதுகெலும்புச் சிகிச்சையை வளர்த்து உலகப் புகழ் பெற்றவரே இந்த ராஜசேகரன். 1987-ல் அவ்விருவரும் வெளியிட்ட சூத்திரம் இது: தொடக்கத்தில் அழிந்து போன எலும்பு எத்தனை முள்ளெலும்புக்குச் சமம் என்று எக்ஸ்ரேயில் அளக்க வேண்டும். அந்த எண்ணை 30.5-ஆல் பெருக்கி 5.5-ஐக் கூட்ட வேண்டும். மருந்து மட்டும் கொடுத்தால் முடிவில் எத்தனை டிகிரி கூன் நிற்கும் என்பது வந்துவிடும். ஒரு முழு எலும்பு அழிந்திருந்தால் 36 டிகிரி. இரண்டு அழிந்திருந்தால் 66-க்கும் மேல். ஒரு காகிதத் துண்டும் பென்சிலும் இருந்தால் போதும்.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கும் போதவில்லை. ஆகவே ராஜசேகரன் 61 குழந்தைகளைப் பதினைந்து வருஷம் பின்தொடர்ந்தார். பாவாடைச் சிறுமியாக வந்தவள் கைக்குழந்தையோடு வரும் வரையில் பார்த்துக் கொண்டிருப்பதென்றால் சாமானியமான பொறுமையா? 2001-ல் முடிவுகள் வெளியாயின. சில குழந்தைகளுக்குக் கூன் தானாகவே குறைந்தது. சிலருக்கு வளர்ந்துகொண்டே போயிற்று. வளரப் போவதை முன்னறிவிக்கும் நான்கு அடையாளங்களை எக்ஸ்ரே படத்தில் கண்டுபிடித்தார். பின்புற மூட்டுப் பிசகுவது, மேலெலும்பு கீழெலும்பின் மேல் கவிழ்வது முதலியவை அவை. இரண்டுக்கு மேல் தென்பட்டால் அந்தக் குழந்தைக்கு ஆபரேஷன் வேண்டும். அதுவும் உடனே வேண்டும். தென்படாவிட்டால் கத்தி வேண்டாம். வருஷா வருஷம் வந்து முதுகைக் காட்டிவிட்டுப் போனால் போதும்.

ஆக, சென்னை கற்பித்தது இரண்டு பாடம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கத்தியைக் கீழே வை என்பது முதற் பாடம். மீதியுள்ளவர் யார் என்று தேடிப் பிடித்து, அவருக்குத் தாமதிக்காமல் கத்தியை எடு என்பது இரண்டாவது. முதற் பாடத்தை மட்டும் படித்தவன் ஒரு குழந்தையைக் கூனாக்குவான். இரண்டாவதை மட்டும் படித்தவன் ஒன்பது பேரை வீணாக அறுப்பான். இன்று மருந்துகளின் சேர்க்கையும் காலமும் மாறியிருக்கின்றன, பாடங்கள் மாறவில்லை.

*

கத்தியாலும் மருந்தாலும் ஆகாத இடம் ஒன்று இருக்கிறது. அறுந்து போன தண்டுவடத்தை ஒட்டவைக்க இன்னும் வழி பிறக்கவில்லை. அங்கே வைத்தியர் கையை விரித்துவிட்டுப் போய்விடலாமா? வேலூரில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் மோட்டார் விபத்தில் முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பின்பு நியூயார்க் சென்று, முடங்கியவர்களை மீண்டும் வாழப் பழக்கும் கலையைக் கற்றுத் திரும்பினார். 1966-ல் வேலூரில் அதற்கென்றே ஒரு நிலையம் எழுந்தது. படுக்கைப் புண் வராமல் உடலைத் திருப்புவது, சிறுநீரகத்தைக் காப்பது, தானே உடுத்தித் தானே சமைத்துத் தானே சம்பாதிக்கக் கற்பிப்பது ஆகியவை அங்கே வைத்தியம் ஆயின. ஆபரேஷன் முடிந்ததோடு ரண வைத்தியரின் கடமை முடிந்துவிடுகிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நேயர்கள் வீட்டில் யாருக்காவது முதுகு ஆபரேஷன் என்ற பேச்சு எழுந்தால், பயப்படவும் வேண்டாம், பறக்கவும் வேண்டாம். வைத்தியர் எதிரே உட்கார்ந்து, தயங்காமல் நாலு கேள்வி கேட்கலாம். ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்? செய்தால் எந்த வலி போகும், எது போகாது? என்ன கெடுதல் நேரக் கூடும்? நீங்கள் இதை அடிக்கடி செய்வதுண்டா? நன்கு பயின்றவர் இக்கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுவார். இன்னொரு வைத்தியரிடம் காட்டி வருகிறோம் என்றாலும் சிரித்த முகத்துடன் அனுப்பி வைப்பார். "இப்போது வேண்டாம், ஆறு வாரம் கழித்து வாருங்கள்" என்று அவர் சொன்னால், பீஸ் வாங்கிக் கொண்டு ஒன்றும் செய்யவில்லையே என்று முணுமுணுக்காதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கற்பதற்குத்தான் அவர் பன்னிரண்டு வருஷம் படித்தார்.